ஐந்து நாள் கடை போடுகிறவள்

ஒன்பது வருஷமாகத் தச்சருக்கு அவள் மேல் ஒரு கோபம். வேலை மும்முரத்தில் இருக்கிற மனுஷனைக் கூப்பிட்டு, இரண்டு கையிலும் கனமான பையைக் கொடுத்து, "அண்ணே, நீங்க இப்ப கஸ்டமர். உள்ள வாங்க" என்பாள். தரையில் சாக்பீஸ் கோடாக மட்டும் இருக்கிற கடைக்குள் அவர் அசடு வழிய நடக்க வேண்டும். "கோட்டை மிதிச்சிட்டீங்க. அது சுவரு. திரும்பப் போய் வாங்க." உளி பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?

அவள் தொழில் அப்படி. கையால் செய்த சாமான் விற்கிற சின்னக் கம்பெனிகளுக்கு ஐந்து நாள், பத்து நாள் கடை வடிவமைத்துத் தருவாள். கழுத்தில் தையல்காரர் மாதிரி அளவு நாடா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் தரையின் வாட்டம் பார்ப்பாள். டீயை ஆறவிட்டு, "இதை யாரு இங்க வச்சது?" என்று சலித்துக்கொண்டே குடிப்பாள். ஒரு சாமான் முன்னால் ஆள் மூன்று எண்ணும்வரை நின்றால் வாங்குவான், நிற்காவிட்டால் தப்பு கடையின் மேல் என்பது அவள் கணக்கு. தெருவில் போகும்போதுகூட உதடு எண்ணிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடை, மண் கோப்பை செய்கிற அக்கா தங்கைக்கு. சக்கரத்தில் உட்காருவது தங்கை, விற்பது அக்கா. மாலின் நடுக்கூடத்தில் இடம். காலை பத்துக்குத் திறக்காவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். சாய்வுப் பலகையில் நாற்பது வட்டத் துளை. ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை இடுப்புவரை இறங்கி நிற்க வேண்டும்.

ஏழரைக்குத் தங்கை முதல் கோப்பையை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது பாதியில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது துளை வழியே நழுவித் தரையில் விழுந்து சுக்குநூறானது.

"உன் கை என்னைக்குடி ஒரே மாதிரி நின்னுச்சு?" அக்கா பிடித்துக்கொண்டாள். "இதோட சரி. நாளையிலேருந்து சக்கரத்துல உட்காராத. பெட்டி ஒட்டு, அது போதும் உனக்கு."

"கையால செய்யறது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்தானேக்கா..."

"வாயை மூடு."

தச்சர், கடையை வடிவமைத்தவளைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் பட்டறைக்கு ஒரே ஒரு கோப்பையோடு வந்தவள் அவள். "இன்னும் நாலஞ்சு அளந்துடலாமே" என்று அவர் கேட்டதற்கு, "நாப்பதும் ஒரே கை செஞ்சதுண்ணே. ஒண்ணு போதும்" என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான். இப்போது காதில் செருகிய பென்சிலை எடுப்பதும் செருகுவதுமாக நின்றாள்.

எட்டு மணிக்கு மேல் மாலுக்குள் மெஷின் ஓட்டக் கூடாது.

"அரம் இருக்காண்ணே?"

"ரெண்டு இருக்கு."

"ஒண்ணு குடுங்க."

முட்டி போட்டாள். கோப்பையின் அடியில் ஒரு எண், அதற்கான துளையின் ஓரத்தில் அதே எண். குண்டுக் கோப்பைக்குத் துளையை ராவினார்கள். ஒல்லிக் கோப்பைக்கு இடுப்பில் சணல் கயிறு சுற்றினார்கள்.

"அண்ணே, பாத்து. அழுத்தினா ஓரம் பிஞ்சிடும்."

"எனக்கே வேலை கத்துத் தர்றீங்களா? நடக்கக் கத்துத் தந்தது பத்தாதா?"

அவள் சிரிக்கவில்லை. விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பாள், ராவுவாள், மறுபடி பார்ப்பாள்.

பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் முப்பத்தொன்பதாவது கோப்பையும் நின்றது. மேலாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கதவு திறந்து முதல் ஆள் வந்ததும் அக்கா முகத்தில் சிரிப்பு. தங்கை மட்டும் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூலையில் காலிப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டியதன் மேலேயே இன்னொரு தடவை ஒட்டினாள்.

கழுத்தில் அளவு நாடாவோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், தச்சரைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, ஒரே கப்பை மட்டும் அளந்தது நான்தான்னு அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது." ரத்தம் கசிந்த விரல்களால் அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இப்பவே சொல்லுங்கண்ணே. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."