படுத்துக் கிடந்த படை

குன்றத்தூரில் என் வீட்டு மாடி அறையில் மேசை முழுக்கப் போர்க்களம்தான். ஒரகடம் தொழிற்சாலையில் என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்த முரளியும் நானும் ஞாயிறுதோறும் அங்கே சண்டை போடுவோம். இரண்டு கற்பனை நாடுகள். சுண்டுவிரல் நகம் உயரத்தில் பொம்மை வீரர்கள், டாங்கிகள், ட்ரோன்கள். குண்டு பட்டதா, தப்பினானா என்பதைப் பகடை சொல்லும். செத்த வீரனை எடுத்துவிட மாட்டோம்; அதே இடத்தில் படுக்க வைப்போம். அது எங்கள் விதி.

கடைசி ஆட்டத்தில் முரளியின் படை பாதிக்கு மேல் படுத்துவிட்டது. "கலைச்சிடாத மச்சான். அடுத்த வாரம் வந்து உன்ன வெச்சிக்கிறேன்" என்று சிரித்தபடி ஷிப்டுக்குக் கிளம்பினான். அந்த வாரமே லாரி மோதிப் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும், மகனுடைய பொம்மைகளை வாங்கிப்போக மணிமங்கலத்திலிருந்து அவன் அப்பா வந்தார்.

"இதுல எதுப்பா அவன் பெயிண்ட் அடிச்சது?"

பச்சை உடுப்பு வீரர்களைக் காட்டினேன்.

"இன்னாப்பா, எல்லாம் வுழுந்து கெடக்குதே!"

நான் வாய் திறப்பதற்குள் ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார். அந்தத் தடித்த விரல்களுக்கு அவை எளிதில் அகப்படவில்லை; அவரும் விடவில்லை. காலடித் தட்டு உடைந்த ஒருவனை மட்டும் டாங்கியில் சாய்த்து நிற்க வைத்தார்.

"இப்ப சரியா கீதா?"

"சரியா இருக்குப்பா."

"வூட்டுக்கு எடுத்துகினு போனா அவங்கம்மா அழுதுகினே இருப்பா. இங்கியே இருக்கட்டும்."

வெறுங்கையோடு படியிறங்கினார். எங்கள் விதியை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆட்டத்தில் அடுத்தது என் முறை. பகடையை எடுக்க இன்னும் கை வரவில்லை.