தபால்தலை ஒட்டிய அட்டை

வெர்லா கோஸ்டியுக்கின் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கனடாவில், எங்கள் சாஸ்கடூன் ஊரில் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் மறுபடி ஏற்றும்வரை வீட்டில் போய்ப் படுக்கலாம். போகமாட்டாள். ஸ்டீயரிங்கின்மேல் ஒரு பலகையைச் சாய்த்து, கத்தரியும் பசையுமாக பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிடுவாள். சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுக்கு அட்டை வெட்டி, அதில் ஒரு படம் செய்வாள். கரண்ட் பில், மாவுப் பை, பழைய வரைபடம் எதுவும் தப்பாது. அவள் மேஜையில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது பறவையாகியிருக்கும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அவரவர் செய்த அட்டைகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். விற்பது கிடையாது. ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான். கைமாறிய அட்டையை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பது அசிங்கம்.

பிப்ரவரியில் வெர்லா நான்கு நீல அட்டைகளோடு வந்தாள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பனியில் ஓடும் ஒரு ரயில். வலது ஓரத்து அட்டையில் தபால்தலையும் முத்திரையும் அப்படியே இருந்தன. முத்திரையின் வட்டத்தை ரயிலின் விளக்காக மாற்றியிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் கண்ட அட்டைகளில் அதற்கு ஈடு கிடையாது. என்னுடைய நரி அட்டையைக் கொடுத்துவிட்டு, வேறு யாரும் வாய் திறப்பதற்குள் அந்த ஓரத்து அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மற்ற மூன்றும் வேறு மூவரிடம் போயின.

அந்த நீலக் காகிதம் அவள் மகன் கெல்வின் அனுப்பிய கடித உறை. நான்கு வருஷத்துக்கு முன்னால், அவன் அப்பாவை அடக்கம் செய்த அன்று, அம்மாவும் மகனும் சமாதியருகிலேயே சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். அதற்கப்புறம் வந்த முதல் கடிதம் அது. முதல் பக்கத்தில் வானிலையும் வேலையும்தான் இருந்தன. “நாலு வருஷம் கழிச்சு எங்கிட்ட குளிரைப் பத்தி எழுதறான்” என்று கொதித்து, கடிதத்தை டிராயரில் தள்ளிவிட்டு உறையை நான்காக வெட்டினாள். பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

திருப்பியது மார்ச் நடுவில். பின்பக்கத்தில் இரண்டே வரி: முகவரி உறைக்குப் பின்னால் இருக்கிறது, மனசிருந்தால் வா.

உறையின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் முகவரி எழுதியிருந்தான். வெர்லா அந்தப் பக்கத்தைத்தான் அட்டைகளில் பசை தடவி ஒட்டியிருந்தாள். வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் படிக்கலாம். ஆனால் மேலே இருக்கிற படம் போய்விடும்.

திருப்பிக் கேட்கக் கூடாததை அவள் கேட்டாள். புதிதாகச் செய்த அட்டைகளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கார்னெட் ஃப்ரீசன் எங்கள் கூட்டத்திலேயே பெரிய கஞ்சன், தன் அட்டைகளை மனைவியைக்கூடத் தொடவிடாதவர். அவர் உடனே உருவிக் கொடுத்து, வெந்நீர்த் தட்டையும் தானே பிடித்துக்கொண்டாராம். கூட்டத்துக்குச் சேர்ந்தே வரும் மேவிஸிடமும் மேவிஸின் தங்கையிடமும் இருந்தவையும் வந்துவிட்டன. மூன்றையும் பிரித்ததில் தெருப் பெயர் கிடைத்தது, ஊர் மூஸ் ஜா என்று தெரிந்தது. வீட்டு எண் இல்லை. முன்பக்கம் வலது ஓரம் என்றால் பின்பக்கம் இடது ஓரம். எண் இருந்தது தபால்தலைக்குப் பின்னால், என்னிடம்.

வாசலில் பனிக்காலணியோடு நின்று, முகவரி விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“ஐரீன், அந்த ஸ்டாம்பு அட்டை உங்கிட்டதானே இருக்கு?”

“அடடா, அதை எட்மண்டன்ல இருந்து வந்த ஒரு பொம்பளைகிட்ட மாத்திட்டேனே வெர்லா. பேருகூட ஞாபகம் இல்ல” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அவன் அங்கே மார்ச் கடைசிவரைதான் இருப்பான் என்றும் அந்த இரண்டு வரிகளில் எழுதியிருந்ததை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெரியாது. எனக்கு அந்த அட்டை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் மூஸ் ஜாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். நீளமான தெருவாம். கதவு கதவாகத் தட்டினாள். பாதி வீடுகளில் ஆள் இல்லை, பாதியில் நாய். ஏப்ரல் மூன்றாம் தேதி பஸ்ஸை என் வீட்டோரம் நிறுத்திவிட்டுக் காபி குடிக்க வந்தவள், உட்காராமல் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். விரல் முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன. அந்தக் கைகளில் பத்து நாளாகக் கத்தரி இல்லை என்றாள். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தேன். எட்மண்டன்காரியிடம் மாற்றியது வேறொரு அட்டை, இது வேறு ஆல்பத்தில் சொருகியிருந்தது, காலையில்தான் கண்ணில் பட்டது என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். வெந்நீரில் ரயிலின் விளக்கு சுருண்டு எழுந்து மிதந்தது. அடியில் 1147. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மத்தியான ஓட்டத்துக்கு மாற்று ஆளை வரச்சொல்லி பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு, அப்போதே தன் காரில் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. காருக்குள் இருந்து பேசினாள்.

“காலி பண்ணிட்டுப் போயிட்டான். முப்பத்தொண்ணாம் தேதி. வடக்கே ஏதோ சுரங்கத்துல வேலையாம், எந்த ஊர்னு வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியல. மாசம் பூரா ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பானாம்.” காரின் ஹீட்டரை அணைக்கும் சத்தம் கேட்டது. “ஐரீன், அந்த அட்டை நிஜமா இன்னிக்குக் காலையிலதான் கெடைச்சுதா?”

இன்னொரு பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அவளும் நம்பியிருப்பாள்.

“இல்ல. அது எங்கயும் போகல. எங்கிட்டயேதான் இருந்துச்சு.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள், ஒரே மாதிரி பன்னிரண்டு அட்டைகளோடு. ஒவ்வொன்றிலும் கெல்வினின் முகம், பின்னால் அவளுடைய முகவரி. வடக்குப் பக்கம் போகிறவர்களிடம் மாற்றிவிடுங்கள், எங்கேயாவது அவன் கண்ணில் படட்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கார்னெட் இரண்டு வாங்கிக்கொண்டார். என் முறை வந்ததும் நான் கொண்டுபோன அத்தனை அட்டைகளையும் மேஜையில் பரப்பினேன்.

எங்கள் கூட்டத்தில் பிடிக்கவில்லை என்றால் மாற்ற மறுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. வெர்லா என் அட்டைகளை ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பார்த்தாள்.

“வேண்டாம், ஐரீன். தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.