ராமநாதனுக்கு இரண்டாவது பிஸ்டல்

1. முதல் நாள்

சிட்னியின் மேற்குப் பக்கம், மெரிலேண்ட்ஸுக்குக் கிட்ட, ஒரு துவக்குக் கடையின், அதாவது துப்பாக்கி விற்கும் கடையின், கவுண்டரில் பத்தொன்பது வருடம் நின்றேன். போன வருடம்தான் ஓய்வு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. எங்கள் ஆட்களிடம் துவக்குக் கடையில் வேலை என்று சொன்னால் ஒரு அடி பின்னுக்குப் போய் நின்றுதான் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் "கடையில வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நாள் முதலாளி கெவின் கேட்டார்: "சிவா, நீ யாழ்ப்பாணம்தானே? துவக்கைப் பற்றி உனக்கு நல்லாத் தெரிந்திருக்குமே?"

தெரியும். எந்தச் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. லேத் மெஷினில் வேலை பழகியவன் என்பதால், பின்னறையில் ஸ்பிரிங் மாற்றவும் குறி பார்க்கும் சைட் பூட்டவும் என்னை எடுத்தார்கள். பிறகு கவுண்டருக்கு ஆள் போதாமல் அங்கே விட்டார்கள்.

கெவின் அன்று சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. பிஸ்டலை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் முன் தோட்டா அடைக்கும் மகசினைக் கழற்று. மேலே நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடி. உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். பிறகு அவருக்குக் காட்டு. அவரும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். "நீ பார்த்தாய் என்பதற்காக அவர் பார்க்காமல் விடக் கூடாது. அவர் பார்த்தார் என்பதற்காக நீ பார்க்காமல் விடக் கூடாது" என்றார். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது பிறகு தேவைப்படும்.

2. ஆயுத பூசைப் படம்

ராமநாதன் மதுரைக்காரர். ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் மனைவி கலாவோடு இருக்கிறார். ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியர். தன் முதல் பிஸ்டலை என்னிடம்தான் வாங்கினார். பொயின்ட் டூ-டூ, இலக்குச் சுடுவதற்கான சின்னத் துவக்கு. சனிக்கிழமை தவறாமல் கிளப்புக்குப் போவார். நாங்கள் இருவரும் ஒரே கோயிலின் அன்னதானக் குழுவில் இருந்தோம். ஒன்றாக வெங்காயம் வெட்டியிருக்கிறோம்.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஆயுத பூசை அன்று குழுவின் வட்ஸ்அப்பில் அவர் ஒரு படம் போட்டார். வெள்ளித் தட்டில் மடிக்கணினி, கார் திறப்புச் சாவி, காய் வெட்டும் குசினிக் கத்தி. நடுவில் அந்தப் பிஸ்டல். விபூதி மூன்று குறி, சந்தனம், குங்குமப் பொட்டு, மேலே மல்லிகைச் சரம். கீழே வாழ்த்து.

அட கடவுளே! ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் வேறு எதை வைப்பது என்று மனிசன் நினைத்திருக்கிறார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. சிரித்துக்கொண்டே படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. மகசின் பிஸ்டலுக்குள்ளே இருந்தது. படத்தின் ஓரத்தில் வளையல் போட்ட ஒரு சின்னக் கை, மல்லிகையைத் தொட நீண்டிருந்தது. பக்கத்து பிளாட்டுப் பிள்ளையாக இருக்கும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இந்த நாட்டில் பிஸ்டல் இருக்க வேண்டிய இடம் சுவரிலோ தரையிலோ இறுக்கிய இரும்புப் பெட்டி. தோட்டா வேறாகப் பூட்டில். சாமித் தட்டு அந்தப் பட்டியலில் இல்லை.

நான் செய்திருக்க வேண்டியது ஒரு போன். "ராமநாதன், உடனே அதை உள்ளுக்க வையுங்கோ" என்று ஒரு வசனம். நான் அதைச் செய்யவில்லை. படத்தைக் கெவினிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஏன் என்று இப்போது நேர்மையாகச் சொல்கிறேன்: பயம். துவக்குக் கடையில் வேலை செய்கிற தமிழன், தமிழில் எழுதிய குழு, நடுவில் துவக்குப் படம். நாளைக்கு யாராவது கேட்டால் நான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் என்று ஆகிவிடுமே. அந்தப் பிள்ளையின் கையைப் பற்றியும் யோசித்தேன்தான். ஆனால் முதலில் யோசித்தது என்னைப் பற்றி.

கெவின் படத்தைப் பார்த்தார். "நீ பார்த்தாய், இப்போது நானும் பார்த்துவிட்டேன். இனி வேறு வழியில்லை" என்று சொல்லிப் பொலிசுக்கு அறிவித்தார். என் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் ராமநாதன் வீட்டுக்குப் பொலிஸ் போனது. பிஸ்டலை எடுத்தார்கள், லைசென்ஸ் போனது. மனிசன் எதிர்த்து வழக்காடவும் இல்லை. கிளப்பை விட்டார். அன்னதானத்துக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

3. கை சொல்வது

ஓய்வுக்கு முந்திய வருடம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ராமநாதன் வந்தார். தலை நரைத்திருந்தது. 

"சிவா சார்! இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"ஓம், வாங்கோ. கனகாலம்."

புது லைசென்ஸ் எடுத்திருந்தார். முதலில் இருந்து தொடங்குகிறவரைப் போலப் பயிற்சி, கிளப் துவக்கில் ஆறு மாதம், எல்லாம் முடித்திருந்தார். இப்போது சொந்தமாக வாங்கலாம். போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். எல்லாம் யூடியூப் பார்த்துச் சேர்த்தது. முதலாவது நைன் எம்எம், நீளமும் பாரமும் கூடியது. இரண்டாவது ஒரு ரிவோல்வர். மூன்றாவதாக, போனால் போகட்டும் என்று ஒரு டூ-டூ.

திரும்பி வருகிற ஆட்கள் எல்லோரும் செய்கிற பிழை இது. விட்ட இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏற நினைப்பார்கள். கை மட்டும் விட்ட இடத்துக்கும் கீழே போயிருக்கும்.

"எந்த மேட்சுக்கு?" என்று கேட்டேன்.

"அது... பாத்துக்கலாம் சார்."

"பாத்துக்கொள்ள ஏலாது. துவக்கு வாங்கப் பொலிஸ் தாற பெர்மிட் ஃபோமில மேட்ச் என்னெண்டு எழுதோணும். கிளப் கடிதம் தரோணும். வடிவா இருக்கெண்டு வாங்கி வைக்க இது கதிரை மேசை இல்லை."

சிரித்தார். நைன் எம்எம்மை எடுத்தேன். மகசின், ஸ்லைடு, கண், விரல். கவுண்டரில் விரித்த ரப்பர் பாயில் வைத்தேன். அவர் ஸ்லைடை இழுத்தார். பாதியில் நின்றது. பெருவிரல் மூட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்த்ரைட்டிஸ் சார். சமாளிச்சுக்கலாம்."

"சரி. தோட்டாவைப் பிடிக்க வைச்சிருக்கிற அந்த மணல் பெட்டிப் பக்கம் நீட்டுங்கோ. விசையில விரல் வேண்டாம். பத்து எண்ணுங்கோ."

ஏழில் முனை இறங்கிவிட்டது. எட்டில் கையைத் தாழ்த்திவிட்டார். ரிவோல்வருக்கு ஆறு. டூ-டூவுக்குப் பதினைந்து வரை எண்ணினார், முனை அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டொட் சைட்டை வைத்துப் பார்த்தார். சைட்டும் இலக்கும் ஒன்றாகத் தெரிகிறது என்று சின்னப் பிள்ளை போலச் சொன்னார்.

"உங்கட கை சொல்லுறதைக் கேளுங்கோ. யூடியூப்காரன் உங்களோட ரேஞ்சுக்கு வரமாட்டான்."

"திரும்பவும் அதே சின்னதா சார்? கிளப்புல எல்லாரும் நைன் எம்எம் வெச்சிருக்கான். நான் எட்டு வருஷம் கழிச்சுப் போயி..."

"அவையள் நைன் எம்எம்மில இலக்குக்கு வெளிய சுடட்டும். நீங்கள் டூ-டூவில நடுவில உள்ள பத்துக்குள்ள சுடுங்கோ."

கடைசியில் ஒப்புக்கொண்டார். பிஸ்டலைப் பாயில் வைத்தார். வலது கை விரல்கள் அதைத் தொட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தானாக எழுந்தன. பாதியில் கையை இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தடவ யாருக்கும் சொல்லப் போறதில்ல சார். போன தடவ என் மச்சினன் போட்டுக் குடுத்துட்டான்."

"என்ன?"

"கலாவோட தம்பி. மெல்போர்ன்ல இருக்கான். அந்தப் படத்த ஃபேமிலி குரூப்லயும் போட்டேன். 'என்ன மாமா, போலீஸுக்கு ஃபார்வர்ட் பண்ணவா'ன்னு கேட்டு சிரிப்புப் பொம்மை போட்டான். மூணே நாள்ல போலீஸ் வந்துருச்சு. அன்னைலேருந்து பேச்சு இல்ல. அவன் பொண்ணு கல்யாணத்துக்குக் கூடப் போகல. அத்தைன்னு கலா ஒருத்திதான். அன்னைக்கு முழுக்க அவ ஒரு வாய் சாப்பிடல."

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்கள். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு பெர்மிட் ஃபோமை எடுத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

4. பெர்மிட் வந்த பிறகு

பெர்மிட் வர ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், எடுத்தது. அந்த ஆறு கிழமையும் அந்த டூ-டூ அவர் பெயர்ச் சீட்டோடு கடைப் பெட்டகத்தில் கிடந்தது. ஒவ்வொரு காலையும் கணக்கெடுக்கும்போது அதைத் தொட வேண்டியிருந்தது. பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டை நான் பார்க்காமல்தான் எண்ணினேன். இந்த வயதில் வேலியில் போன ஓணானை ஏன் பிடித்து மடியில் கட்டுவான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அந்த ஓணானை நான் எட்டு வருடமாக மடியில்தான் வைத்திருந்தேன்.

ராமநாதன் பெர்மிட்டோடு வந்தார். பெட்டகத்தைத் திறக்கும் முன் சொல்லிவிட்டேன்.

"ராமநாதன், உங்கட மச்சான் இல்லை. நான்தான். கோயில் குரூப்பில படத்தைப் பாத்திட்டு முதலாளிக்குக் காட்டினனான்."

அவர் பெர்மிட் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லல சார். அந்தக் குழந்தை கைய நானும் அப்புறம்தான் பாத்தேன். ஆனா... பக்கத்துல உக்காந்து வெங்காயம் வெட்டுனோமே சார். ஒரு ஃபோன் பண்ணிருக்கலாமே."

"ஓம். எடுத்திருக்கோணும்."

"அத விடுங்க. எட்டு வருஷம் சார். ஒரு தடவயாச்சும் நீங்க சொல்லிருந்தா, கலா அந்தக் கல்யாணத்துல நின்னுருப்பா."

பிஸ்டலை எடுக்காமலே போய்விட்டார். வாசலில் அவர் கார் வெகுநேரம் நகராமல் நின்றது.

பெர்மிட்டுக்குக் கெடு உண்டு. கெடு போனால் மறுபடி முதலில் இருந்து. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தார்.

"மச்சினனுக்கு ஃபோன் பண்ணுனேன். மூணு வாரம் எடுக்கல. போன ஞாயித்துக்கெழம எடுத்தான். 'மன்னிச்சுருப்பா'ன்னு சொன்னேன். 'அக்காகிட்ட குடுங்க'ன்னான். ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அழுதாங்க. என்கிட்ட இன்னும் பேசல."

"பேசுவார்."

"பாக்கலாம். துப்பாக்கிய எடுங்க."

மகசினைக் கழற்றினேன். ஸ்லைடை இழுத்துக் காட்டினேன். அவர் வாங்கி, கண்ணால் பார்த்து, விரலால் தடவினார். கையெழுத்துப் போட்டார். போய்விட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். பிழையைக் கண்டால் அறிவியுங்கள். அன்றைக்கு அந்தப் படத்தை மறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் போன் அந்த மனிதருக்குப் போகட்டும், அறிவித்தது நான்தான் என்று உங்கள் வாயாலேயே அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் பெயரை ஒளித்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது. ஒரு பாவமும் அறியாத இன்னொருவரின் பெயர் அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

இந்த வருட ஆயுத பூசை அன்று காலை என் போனில் ஒரு படம் வந்தது. குழுவுக்கு இல்லை, எனக்கு மட்டும். பூட்டிய இரும்புப் பெட்டி. கதவின் வெளிப்பக்கம் விபூதி மூன்று குறி, நடுவில் குங்குமப் பொட்டு. கைப்பிடியில் மல்லிகைச் சரம். கீழே ராமநாதன் எழுதியிருந்தார்: "சார், இதுல ஏதாச்சும் தப்பு இருந்தா மொதல்ல எனக்கு ஃபோன் பண்ணுங்க."

தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் உடனே போன் எடுத்தேன்.