உப்புத்தாடி ஹாவரின் இரும்புப் பானை

ரெய்க்யாவிக்கின் பொது நீச்சல் குளம் ஒன்றில் பெண்கள் பகுதிக்கு ஸ்வான்டிஸ்தான் காவல். உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தண்ணீரில் இறங்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, நீச்சலுடையோடு அப்படியே நழுவப் பார்ப்பார்கள். ஈரத் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிக்கொண்டு அவள் நிற்பாள். "குளிச்சாச்சும்மா" என்று சொன்னால் போதாது, தலைமுடி ஈரமாக இருக்க வேண்டும். ஒரு தூதரின் மனைவியைக்கூட அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இப்படி யாரையும் நம்பாத ஒருத்தி, தன் குடும்பக் கதையை மட்டும் சொட்டு ஈரம்கூடப் பார்க்காமல் உள்ளே விட்டுவைத்திருந்தாள்.

பதினேழு வயதில் கையில் குழந்தை வந்துவிட்டதால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். அந்தக் குழந்தைக்கே குழந்தை பிறந்த பிறகு, பள்ளிப் படிப்பை மாலை வகுப்பில் முடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் வரலாற்று அறிமுக வகுப்பில் போய் உட்கார்ந்தாள். "வரலாறா? நமக்குத்தான் எல்லாம் தெரியுமேடி!" என்றான் அண்ணன் குன்ஸ்டெய்ன். அவளுக்கும் அந்த எண்ணம்தான். அதனால்தான் சுலபமாகத் தேறிவிடலாம் என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கான சான்றுகளை எடைபோட வேண்டும் என்பது முதல் கட்டுரை. கூடப் படிக்கும் பிள்ளைகள் மீன்பிடித் தகராறு, எரிமலை என்று எழுதினார்கள். ஸ்வான்டிஸ் தன் மூதாதை உப்புத்தாடி ஹாவரைப் பற்றி எழுதினாள். குடியேற இடம் தேடி நார்வேயிலிருந்து கப்பலேறிய ஹாவர், தீவின் கரை கண்ணில் பட்டதும் மனைவியின் இரும்புப் பானையைத் தூக்கிக் கடலில் போட்டார். அது எங்கே ஒதுங்குகிறதோ அங்கேதான் குடியேறுவேன் என்று சபதம் செய்தார். பானை ஒதுங்கிய இடம் ஹாவர்ஸ்விக் விரிகுடா. கட்டுரையில் அடிக்குறிப்புகள் இரண்டு. ஒன்று: இது எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று: அம்மா சொன்னது.

கட்டுரை தேறவில்லை. ஆசிரியர் ஐவிந்துருக்கு அவளுடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவனுடைய அறைக்கு நேரே போய் நின்றாள். அந்த ஊரில் ஆசிரியரும் மாணவரும் வயது பார்க்காமல் பேர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்னப்பா ஐவிந்துர், ஃபெயில் போட்டிருக்கே?"

"உக்காரு. ஹாவர் எப்போ வந்தாரு?"

"ஒன்பதாம் நூற்றாண்டு கடைசியில."

"அதை முதன்முதல்ல எழுதிவெச்சது எப்போ?"

"பதிமூணாம் நூற்றாண்டுல இருக்கும்."

"நடுவுல அத்தனை வருஷமும் அந்தக் கதை எங்க இருந்துச்சு?"

"எங்க வீட்டுல."

ஐவிந்துர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சிரிப்பை அடக்க அவனுக்கு அதுதான் வழி.

"அலையடிக்கிற கடல்ல தூக்கிப் போட்ட இரும்புப் பானை மிதக்குமா?"

அவளுடையது தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பியே பிழைத்த குடும்பம். ஒருவருக்காவது இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

"விரிகுடாவுக்கே அவர் பேருதானப்பா வெச்சிருக்கு!"

"பேரு முதல்ல இருந்து, அதை வெச்சுக் கதையைக் கட்டியிருந்தா?"

"அப்போ, ஹாவரைக் குளிப்பாட்டி உள்ள அனுப்பச் சொல்றே."

"ஆமா. ஜூன் கடைசிக்குள்ள திருத்தி எழுதிக் குடு. ஆகஸ்ட்ல மார்க். இதுலயும் போச்சுன்னா அடுத்த வருஷம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

இன்னொரு வருடம் உட்கார அவளுக்குப் பொறுமையும் இல்லை, முகமும் இல்லை. வசந்தம் முழுக்க நூலகத்திலேயே கிடந்தாள். தேடத் தேட ஹாவர் தேய்ந்துகொண்டே போனார். கடைசியில் மிஞ்சியது, அந்தக் கடற்கரை நிலத்துக்காகப் பதிமூன்றாம் நூற்றாண்டில் சண்டையிட்ட இரண்டு பண்ணைக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கு, நிலத்தில் உரிமை காட்ட, ஒரு மூதாதை அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறார். ஹாவர் இருந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள், அன்று இரவு சாப்பிடவில்லை. ஹாவர் இருந்தது உறுதி என்று எண்ணியிருந்தபோது அவரைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை. இல்லை என்று ஆன பிறகு நினைக்காத நாளில்லை.

ஜூலையில் ஹாவர்ஸ்விக்கில் குடும்ப ஒன்றுகூடல். கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளில் ஒவ்வொருவர் கிளைக்கும் ஒரு நிறத்தில் பனியன். எல்லா மார்பிலும் பானைப் படம். ஏற்பாடெல்லாம் குன்ஸ்டெய்ன்தான்.

"படிக்கிறவ நீதான். ஹாவரைப் பத்திப் பேசிடு" என்று தொலைபேசினான்.

"அண்ணே, ஹாவர்ல கொஞ்சம் சிக்கல் இருக்கு."

"செத்து ஆயிரம் வருஷம் ஆனவருக்கு என்னடி சிக்கல்?"

"சாகணும்னா முதல்ல பொறந்திருக்கணும்ணே."

"உளறாதே. ஆட்டுக்கறி வேகுறதுக்குள்ள பேசி முடிச்சிடு."

அண்ணன் மனம் நோகக்கூடாது, பழைய கதையையே சொல்லிவிடுவோம் என்று முடிவுசெய்துதான் போனாள். தூறலில் கூடாரங்கள், புகை, எங்கும் நிறங்கள். பச்சைப் பனியன்காரர்கள் நடுவே, தோளில் குழந்தையும் கையில் ஆட்டுக்கால் எலும்புமாக ஐவிந்துர் நின்றுகொண்டிருந்தான்.

"நீ இங்க என்ன பண்றே?"

"அம்மா வழி" என்றான் காது சிவக்க.

"அன்னிக்கே சொல்லலையே?"

"இவ்வளவு கிட்டத்துச் சொந்தம்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"மார்புல பானை மிதக்குது."

"சான்று ஆய்வுக்கும் கோடை விடுமுறை உண்டு ஸ்வான்டிஸ்."

அவனுக்குக் கிடைத்த விடுமுறை அவளுக்குக் கிடைக்கவில்லை. மார்க் இன்னும் அவன் கையில் இருந்தது. அவன் எதிரிலேயே பானையை மிதக்க விட்டால், எழுதிக் கொடுத்ததெல்லாம் மார்க்குக்காகச் செய்த வேஷம் என்றுதானே ஆகும்? டிராக்டர் வண்டியின் மேல் ஏறி நின்று, தேடிக் கண்டுபிடித்ததை அப்படியே சொன்னாள். பண்ணைக்காரர்கள் சண்டை வரைக்கும் சொன்னாள்.



"அப்போ நாம யாரு வம்சம்?" என்றது ஒரு மஞ்சள் பனியன்.

"அந்தப் பொய் சொன்ன பண்ணைக்காரன் வம்சம்" என்றது ஒரு நீலம்.

"அப்போ கறி உண்டா இல்லையா?" என்றாள் குத்ஃபின்னா அத்தை.

குன்ஸ்டெய்ன் வண்டிமேல் ஏறினான். முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த நாட்டில் கூட்டம் போட்டால் தீராத விவகாரம் கிடையாது. நாடே கிறிஸ்தவத்துக்கு மாறியதுகூட ஒரு கூட்டத்தில்தான் என்பார்கள். "ஓட்டுக்கு விடுறேன். ஹாவர் இருந்தாருங்கிறவங்க கை தூக்குங்க!"

எல்லா நிறத்திலும் கைகள் எழுந்தன.

"இல்லைங்கிறவங்க?"

ஸ்வான்டிஸ் கை தூக்கினாள். பச்சைக் கூட்டத்தைப் பார்த்தாள். ஐவிந்துரின் ஒரு கை குழந்தையின் காலைப் பிடித்திருந்தது, மற்றதில் எலும்பு. எதையும் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ஹாவர் இருந்தார்! எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு" என்று அறிவித்த குன்ஸ்டெய்ன், மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த ஒண்ணு என் தங்கச்சி. பல்கலைக்கழகத்துல படிக்கிறா" என்றான். கைதட்டல் ஓட்டெடுப்பைவிடப் பலமாக இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் ஐவிந்துர் பக்கத்தில் வந்து நின்றான். "ஒரு சிக்கல். இவ்வளவு நெருங்கின சொந்தக்காரங்க கட்டுரையை நான் திருத்தக்கூடாது. வேற ஆளைத்தான் பாக்கணும்."

"பாரேன்."

"இந்தச் சின்ன நாட்டுல, துறையில உனக்குச் சொந்தமில்லாத ஆளு கிடைக்கணுமே."

கடைசியில் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கிடைத்தாள். ஆகஸ்டில் ஸ்வான்டிஸ் தேறினாள். கட்டுரையின் கீழே அந்த அம்மாள் ஒரே ஒரு குறை எழுதியிருந்தாள்: வாதம் சரி, சான்றுகள் சரி, இருந்திராத ஒரு மனிதருக்காகக் கட்டுரையாளர் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்பதுதான் விளங்கவில்லை.

ஸ்வான்டிஸ் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினாள்.

"டென்மார்க்காரிக்கு எப்படிடி விளங்கும்?" என்றான் அவன்.