வெட்டிய பச்சை வயர்

படகுத்துறையில் என் அக்கா புருஷனுக்குப் பட்டப்பெயர் 'எர்த்து'. ஏரியில் நிற்கும் உல்லாசப் படகுகளுக்குக் கரையிலிருந்து கரண்ட் கொடுப்பது அவர் வேலை. எந்தப் படகில் ஏறினாலும் முதலில் எர்த் கொடுக்கும் பச்சை வயரைத்தான் தேடுவார். எர்த் இல்லாத படகில் கரண்ட் கசிந்தால் அது தண்ணீரில் இறங்கும், பக்கத்தில் நீந்துகிறவன் கைகால் மரத்து, கத்தக்கூட முடியாமல் மூழ்குவான் என்று காது புளிக்கச் சொல்லுவார். அங்கே பெயின்ட் அடிக்கும் நான்தான் அதிகம் கேட்டவன்.

படகுக்காரர்கள் மசிய மாட்டார்கள். எர்த் கொடுத்தால் தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி அரித்துப்போகிறதாம். அதனால் அந்த வயரையே வெட்டிவிடுவார்கள். அரிப்பைத் தடுக்க ஒரு பெட்டி உண்டு. அதை வாங்க மனசு வராது. பூட்டு துருப்பிடிக்கிறதென்று அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிற புத்திசாலிகள்!

போன ஞாயிறு மத்தியானம், தொப்பி தண்ணீரில் விழுந்ததென்று அக்கா மகள் குதித்துவிட்டாள். நாலு கை நீந்தியிருப்பாள்.

"மாமா, கை வரலை!"

நான் பாயப் போனேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

"இறங்காதடா! நீயும் செத்துப்போவ!"

சொல்லிவிட்டு மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினார். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறானே பாவி என்று வாய்விட்டே திட்டினேன். அவர் ஓடியது மெயின் சுவிட்சுக்கு. அணைத்ததும் "இப்ப குதி!" என்று கத்தினார். அவளைத் தூக்கி வந்தேன். மூச்சு இருந்தது.

அவளை அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் படகு படகாகப் பார்த்தோம். ஆறாவது படகில் ஹீட்டர் பழுதாகிக் கரண்ட் கசிந்திருந்தது. பச்சை வயர் வெட்டியிருந்தது. மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வெட்டினதுடா. பெட்டி வாங்கிட்டு வர்றேன், ரெண்டே நாள்னு ஓனர் கெஞ்சினாரு. அப்புறம் நான் வந்து பார்க்கவே இல்ல."

திட்ட வாயெடுத்தேன். இருந்தாலும், "நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும் மச்சான்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நர்சிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா மட்டும் இல்லைன்னா நான் போயிருப்பேன்."

நர்ஸ் சிரித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

"அந்தப் படகுல பச்சை வயரை வெட்டினதே நான்தாம்மா" என்றார் மச்சான்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.