சேமிக்காமல் விட்ட பக்கம்

ஆடிக் காற்று எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வந்து, உத்தமபாளையத்தில் எங்கள் தெருத் தகரங்களையெல்லாம் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தென்னை மட்டையை மின்கம்பியில் போட்டுவிட்டுப் போகும். போன வாரமும் போட்டது. கரண்ட் போனது, கூடவே என் லேப்டாப்பும் அணைந்தது. அதன் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. வயரில் கட்டிப்போட்ட மாடு மாதிரி சுவரோரமாகத்தான் அதற்குப் பிழைப்பு. கரண்ட் வந்ததும் திறந்தேன். நான் வேலை பார்க்கிற டெக்ஸ்ட் எடிட்டர் வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது.

அந்த எடிட்டரில் ஒரு வசதி உண்டு. எழுதியதைச் சேமிக்காமல் மூடினாலும், மறுபடி திறக்கும்போது எல்லாப் பக்கங்களையும் விட்ட இடத்தில் எடுத்து வைக்கும். அதன் நல்ல குணத்தை நம்பி நான் எதையுமே சேமிப்பதில்லை. அப்படிச் சேமிக்காமல் கிடந்தவற்றில் ஒரு பக்கம் அத்தாவுடையது. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அந்தப் பக்கத்தில் என் தங்கச்சி மும்தாஜுக்காக ஒரு வரி இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் அவள், லீவில் வந்து அதைத் தன் கண்ணால் படிக்கக் காத்திருந்தாள்.

பதறிப்போய் என்ன செய்வது என்று தெரியாமல் லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்துக் கீபோர்டைத் தட்டினேன். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். ஒரு ஏலக்காய்த் தோல் விழுந்தது.

அத்தாவுக்கு ஏலக்காய் வியாபாரம். அவர் வரும் முன்னே சட்டைப்பை வாசனை வந்துவிடும். அதற்கும் முன்னே குரல் வந்துவிடும். மலைமேல் இருக்கும் குமுளிக்கு டிரங்க்கால் போட்டுப் பேசிய காலத்தில், போனே வேண்டாம், மலையைப் பார்த்து நின்று பேசினாலே அங்கே கேட்கும் என்று அம்மா கேலி செய்வாள். மலையாளத்தையும் தமிழையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுப் பேசுவார். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தபோது உயிர் இருந்தது, குரல் இல்லை.

பேனாவைப் பிடித்தால் கை நடுங்கியது. ஒருநாள் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தார். அதுவும் எல்லாமே பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் அடிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். 'அது குசுகுசுன்னு பேசுற மாதிரி இருக்குடா' என்று பெரிய எழுத்தில் பதில் வந்தது. குரல் போன பிறகும் மனிதர் கத்தித்தான் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் நான் வாயால்தான் பதில் சொல்வேன். அதனால் பக்கத்தில் அவர் பேச்சு மட்டும் இருக்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான். நான் படித்துத் தலையாட்டியதும் ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிடுவார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்து வியாபாரி அவர். துண்டை எடுத்தால் பேச்சு முடிந்தது, தடயம் இருக்கக்கூடாது. ஒருமுறை அவர் அழிக்கும் முன் சேமிக்கப் போனேன். எடிட்டர் பெயர் கேட்டது. என்ன பெயர் கொடுப்பது என்று யோசித்தேன். அத்தா என் கையைத் தள்ளிவிட்டு அடித்தார்: 'பேச்சுக்கு எதுக்குடா பேரு?'

கடைசி நாட்களில் அழிக்கவும் தெம்பில்லை. அப்படி அவர் அழிக்காமல் விட்டதுதான் அந்தப் பக்கம்.

அவர் போன பிறகு மும்தாஜிடம் போனில் சொன்னேன். விசா சிக்கலில் மய்யத்து அடக்கத்துக்கே வர முடியாமல் போனவள் அவள்.

"ஒனக்குன்னு ஒரு வரி இருக்கு. படிச்சுச் சொல்லவா?"

"வேண்டாண்ணே. போட்டோவும் அனுப்பாத. அத்தா ஒக்காந்து அடிச்ச எடத்துலயே ஒக்காந்து நானே பாத்துக்கிறேன். நீயும் அதத் தொறந்து பாக்காத."

நானும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அது அவளுடையது.

இப்போது அந்த எடிட்டர் எல்லாவற்றையும் ஒளித்து வைக்கிற கோப்பைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். வரிசையாகப் பூஜ்யங்கள். இணையத்தில் சொன்ன வைத்தியம் எல்லாம் செய்தேன். வேறு வழியில்லாமல் தேனிக்கு பஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்வத்திடம் கொடுத்தேன். மத்தியானம் வரை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தான்.

"அண்ணே, ஃபைல் சைஸ் அப்பிடியே இருக்குண்ணே. உள்ள பூரா ஜீரோ. எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கு."

"ஒண்ணுமே வராதா?"

"டிஸ்க்குல அழிஞ்சு கெடந்ததுல கொஞ்சம் வந்திருக்குண்ணே. பாருங்க."

என் ஆபீஸ் குப்பை வந்திருந்தது. எவனுக்கோ நான் எழுதி அனுப்பாமல் விட்ட லீவு விண்ணப்பம், ஒரு பழைய பிழைச்செய்தி, சாம்பார்ப்பொடி அளவு. ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் வந்திருந்தன. அவற்றைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தா இல்லை. எப்படி நடந்தது என்று இன்னொருவருக்கு வகுப்பெடுக்கும் அளவுக்குத் தெரிந்தும், ஒரு மயிரும் பிடுங்க முடியாமல் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மும்தாஜிடம் போனில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சொன்னேன்.

"அத்தா அடிக்கையில நீ படிச்சேல்லண்ணே? என்ன எழுதுனாக?"

கண்ணை மூடிப் பார்த்தேன். கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது நினைவு வந்தது. அத்தாவுக்காக அதை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். மும்தாஜ் என்ற பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகு இருந்தது வரவில்லை. எத்தனை தரம் போனாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"ஞாபகம் இல்லம்மா. ஒன் பேரு இருந்துச்சு. ஏதோ ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாக."

"நீ என்ன சொன்ன?"

அது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"'சரி அத்தா, நான் சொல்லிர்றேன்'னு சொன்னேன்."

"சரி, சொல்லு" என்றாள்.