ரவையும் குண்டும்

எங்கள் ஊரில் சர்க்கார் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் எங்களைவிட நிலம் நீச்சு அதிகம் உள்ளவர்கள்கூட, காட்டுப்பன்னி வந்தால் எங்கள் அப்பாவைத்தான் வந்து கூப்பிட வேண்டும்.

குழல் வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கௌதாரிக்கும் முயலுக்கும் என்றால் கடுகு மாதிரி ரவை போடவேண்டும். பன்னிக்கு என்றால் புளியங்கொட்டை அளவு ஈயக் குண்டு. கம்பியால் இடித்து முடித்தபிறகு உள்ளே கிடப்பது எது என்று தெரியாது. அதனால் குண்டு போட்டிருந்தால் அப்பா விசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். தன் ஞாபகத்தை அவர் நம்பமாட்டார், துணியைத்தான் நம்புவார்.

அந்த மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல்நாள் சாயங்காலம் கூடுவாஞ்சேரியிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"காலைல கௌதாரி அடிச்சாந்துடறேன். மகம் இன்னா, அடுத்த வருசமும் வரும்" என்றார் அப்பா.

நான் அழுதேன். "இந்த மூஞ்சியோட போனா கடலே எழுந்து ஓடிடும்டி" என்று சித்தப்பா சிரித்தார். அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் ஆகவில்லை.

குண்டு போட்ட துப்பாக்கியால் கௌதாரி அடிக்க முடியாது. போட்ட குண்டைச் சுட்டுத்தான் வெளியே எடுக்கவேண்டும், மருந்தை அப்படி வீணாக்க அப்பாவுக்கு மனசு வராது. இவ்வளவும் எனக்குத் தெரியும். வேட்டை நின்றால் கடலுக்குப் போகலாம். என் சிவப்புப் பாவாடையின் ஓரத்தைக் கிழித்து, ரவை கெட்டித்துச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் அப்பா, துப்பாக்கியை இன்னும் தொடாமல், முதலில் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார். சித்தப்பா ஓடிவந்தார்.

"அண்ணீ, வேர்க்கல்ல கொல்லையில பன்னி பூந்துகினு கீது!"

அப்பாவைக் கூப்பிட அம்மா வெளியே ஓடினாள். சித்தப்பா துப்பாக்கியை எடுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"குண்டுதான் கீது. இன்னிக்கிப் பன்னிக்கறிடி" என்றார் என்னிடம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குண்டு இருக்கிற தைரியத்தில் ரொம்பக் கிட்டே போய்ச் சுட்டிருக்கிறார். ரவை பன்னியின் தோலைக் கிள்ளியதோடு சரி. அது திரும்பி வந்து தொடையைக் கிழித்துவிட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். "ரவை போட்டுட்டு நானா மறந்து துணி கட்டிட்டேன்? சொல்லுடா" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வைக்கோல்மேல் கிடந்த சித்தப்பாவின் கைக்குள், துப்பாக்கியிலிருந்து அவர் அவிழ்த்த துணி இருந்தது. கிழிந்த என் பாவாடையை அவர் பார்த்தார். பிறகு கையை வைக்கோலுக்குள் விட்டுக்கொண்டார்.

"துணியே இல்ல அண்ணாத்த. நான்தான் பாக்காம எடுத்துகினு போய்ட்டேன்."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவசரக்காரன், பார்க்காமல் எடுத்துச் செத்தான் என்றுதான் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, ரத்தம் போனதில் சித்தப்பாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.